உரியவர் வராத தடங்கள்

எங்கள் தாழைமுனைக் கடற்கரையில் பதிகிற காலடித் தடங்களை எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குள் மணலிலிருந்து எடுத்து, உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். என் பெயர் ராயப்பன். ஏழு மாதமாகச் செய்கிறேன். இடுப்புதான் போய்விட்டது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓர் அலுமினியத் தகடு போதும். தோசைக்கு அடியில் கரண்டி விடுவதுபோல் குதிகால் பக்கமாகத் தகட்டை நுழைத்து, விரல்வரை கொண்டுபோய், மூச்சை அடக்கித் தூக்க வேண்டும். ஈர மணலில் பதிந்த தடம் முழுசாக வந்துவிடும். காய்ந்த மணலில் பதிந்ததுதான் சனியன். கொஞ்சம் அசந்தால் கட்டைவிரல் உதிர்ந்துவிடும். எடுத்தவற்றை மீன் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டியில் ஈரச் சாக்கு விரித்து அடுக்குவேன். பிறகு வீடு வீடாக, விடுதி விடுதியாகப் போய்க் கதவைத் தட்டுவேன். "ஒங்க கால் இருக்கு, வாங்கிக்கிடுங்க" என்பேன். வருவார்கள், தடத்தின்மேல் ஏறி ஒரு மிதி மிதிப்பார்கள், அது உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும். நன்றி சொல்பவர்கள் பத்தில் ஒருத்தர். அது கிடக்கட்டும்.

தூய கடற்கரைச் சான்றும் அதற்கான கொடியும் கிடைக்க மொத்தம் நாற்பத்தோரு விதிகள். குளிக்கிற தண்ணீரை வாரம் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். கழிப்பறைக்குக் கதவு வேண்டும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலைவரை போகப் பலகைப் பாதை போட வேண்டும். ஆமை முட்டையிடுகிற மாதங்களில் கரையில் விளக்கு எரியக் கூடாது. தடங்களைப் பற்றியது பதினேழாவது விதி. ஒரு தடம் எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துக்கு அதன் சொந்தக்காரருடைய கால் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி இழுபட்டு வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தால் கரை தாங்குமா? ஆகவே வந்தவரைத் தடம் மிச்சமில்லாமல் அனுப்பிவைப்பதுதான் நீடித்த சுற்றுலா என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். போன மே மாதம் திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அறுபது தடங்களை அப்படியே விட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டது. கூரியரில் அனுப்பினேன். போய்ச் சேரும்வரை அந்தக் குடும்பத்தின் தாத்தா மூன்று தடவை எங்கள் ஊர்ப் பேருந்தில் வந்து இறங்கினார்.

இப்படி எல்லாத் தடங்களையும் எடுத்தேன். பதின்மூன்றை மட்டும் எடுக்கவில்லை.

அந்தப் பதின்மூன்றும் என் அண்ணன் சேசடிமையுடையவை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் தன் வீட்டு வாசற்படியிலிருந்து இறங்கித் தண்ணீர்வரை நடந்து, ஃபைபர் படகில் தனியாக ஏறிப் போனான். இன்னும் வரவில்லை. படகும் வரவில்லை. ஊரில் அவன் வீடுதான் கடலுக்கு ஆகப் பக்கம். பதின்மூன்று எட்டில் தண்ணீர். அவன் மனைவி பிரகாசி, எனக்கு மதினி, அன்றைக்கே பழைய வள்ளம் ஒன்றைக் கவிழ்த்து அந்தத் தடங்களை மூடிவிட்டாள். பன்னிரண்டு உள்ளே அடங்கின. பதின்மூன்றாவது தண்ணீர் விளிம்பில் வெளியே நின்றது. அதன்மேல் சோறு வடிக்கிற சட்டியைக் கவிழ்த்து, மேலே கல் வைத்தாள். நாலு வருஷமாக வேறு சட்டியில்தான் சோறு வடிக்கிறாள்.

எங்கள் ஊரில் ஒருவர் கடலுக்குப் போனால் அவர் வந்து வாசற்படி ஏறும்வரை வீட்டைக் கூட்ட மாட்டார்கள். போனவுடனே கூட்டுவது பிணம் போன வீட்டைத்தான். மதினி நாலு வருஷமாகக் கூட்டவில்லை. காற்றில் வந்த மணல் வீட்டுக்குள்ளே முட்டளவுக்கு ஏறி, இப்போது ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவள் கட்டிலையும் அடுப்பையும் வருஷத்துக்கு ஒரு முறை மேலே தூக்கிப் போட்டுக்கொள்வாள். துடைப்பம் கூரையில் செருகியபடி இருக்கும். நான் ஏலக்கூடத்துக்குப் பக்கத்து வலைக்கொட்டகையில் தனியாக இருக்கிறேன். காலையில் புறப்படும்போது நானே கூட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். எனக்காகக் கூட்டாமல் இருக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை சான்றுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் என்னைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் கத்தித்தான் சொல்வார்.

"ஏலே ராயப்பா, ஊருக்குக் கக்கூஸ் வருது, குழாய் வருது, கொடி வருது. ஒன் மதினி ஒத்த வள்ளத்தப் போட்டு எல்லாத்தையும் மறிச்சிட்டு இருக்கா. இது ஒனக்கே நல்லாருக்கா?"

"அண்ணன் வந்தா எடுத்திரலாம் தலைவரே."

"வரலன்னா எந்தக் குப்பத் தொட்டின்னு சான்றுக்காரங்ககிட்ட கேட்டு எழுதிப் போட்டேன். பதில் வந்துட்டு."

பதிலை நீட்டினார். ஒரே வரிதான். உரியவர் முப்பது நாட்களுக்குள் வராத தடம் மட்காத குப்பையாகக் கருதப்படும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணன் காலும் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் உறையும் ஒரே தொட்டியிலா? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நாலு வருஷமாக அது மட்கவில்லையே.

மதினியிடம் போனேன். மணல்மேட்டில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மதினி, வெள்ளிக்கெழம வாறாங்க."

"வரட்டும்."

"வள்ளத்தத் தூக்கணுமாம். நீலத் தொட்டில போடணும்னு எழுதியிருக்காங்க."

அவள் கையில் இருந்த மீனை முடித்துவிட்டு, அடுத்த மீனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்கண்ணனுக்கு இந்த ஊர்ல வேற என்ன கெடக்கு தம்பி? சட்டையெல்லாம் கரையான் அரிச்சிட்டு. அந்தப் பதிமூணுதான் அவரப் பிடிச்சி இழுத்துக்கிட்டு இருக்கு. அதையும் அள்ளிட்டா அவரு எங்க வருவாரு? யாரைத் தேடி வருவாரு?"

தடத்தை எடுத்துவிட்டால் கால் இழுக்காது என்று ஊருக்கெல்லாம் கதவு தட்டிச் சொல்லிக்கொண்டு திரிபவன் நான்தானே.

வெள்ளிக்கிழமை சான்றுக் குழுவிலிருந்து தாட்சாயணி மேடம் வந்தார். அகலத் தொப்பி போட்டிருந்தார், இளநீரை ஸ்ட்ரா இல்லாமல் குடித்தார். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பதினோரு தடவை போட்டுப் போட்டுத் திறந்தார். பலகைப் பாதையில் சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து அலைவரை உருட்டிப் போகச் சொன்னார். நாற்பது விதிகளுக்கும் சரி போட்டுவிட்டு, மதினி வீட்டு வாசலுக்கு வந்தார். பத்துப் பேர் சேர்ந்து வள்ளத்தைத் தூக்கினோம். மேடம் மணலில் முட்டிபோட்டுத் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல தடம். நாலு வருஷம்னு சொல்லவே முடியாது" என்றார். "உரியவர் யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. கடலுக்குப் போயிருக்காரு" என்றாள் மதினி.

"எப்ப வருவாரு?"

"வருவாரு."

மேடம் கையிலிருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "முப்பது நாள் தாண்டிட்டா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். கஸ்பார் நீலத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். மதினி போய் ஏழாவது தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் காற்று படாமல் இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"என்னுது மேடம்" என்றேன்.

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். சின்ன வயசிலிருந்து நானும் அண்ணனும் ஒரே அளவு செருப்பு. எவன் முதலில் எழுந்திருக்கிறானோ அவனுக்குச் செருப்பு, மற்றவன் வெறுங்கால். அளவு சிக்கல் இல்லை. சிக்கல் வேறு. அண்ணனுக்கு வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. நங்கூரக் கயிறு சுற்றி ஒரு தடவை போய்விட்டது. வலது தடம் ஏழிலும் நாலு விரல்தான் பதிந்திருந்தது.

நான் சுண்டுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு முதல் தடத்தில் ஏறினேன். மேடம் குனிந்து பார்த்தார். "பொருந்துது" என்றார். பதின்மூன்றிலும் ஏறி நடந்தேன். ஒவ்வொன்றும் உள்ளங்காலில் சில்லென்று ஒட்டியது. சட்டியை எடுத்துவிட்டுக் கடைசித் தடத்தில் ஏறியபோது தண்ணீர் வந்து விரலை நனைத்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தருக்கு ஒரு சோடிதான் வச்சிக்கலாம்" என்றார் மேடம். "பழசக் கழட்டிக் குடுங்க."

அதுவும் நியாயம்தான். ஈர மணலில் அழுத்தி நின்று, என் சொந்தத் தடங்கள் இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். உரியவன் பக்கத்திலேயே நிற்பதால் அவை மட்கும் வகை. மட்கும் வகையைக் கடலில் விடலாம் என்று முப்பத்திரண்டாவது விதி சொல்கிறது. கஸ்பார் இரண்டையும் தண்ணீரில் வைத்தார். ஏழு மாதமாகக் கடலிலிருந்து வீடுகளுக்கு மட்டுமே நடந்து, கதவு கதவாக நின்று பழகிய தடங்கள். வாழையிலைத் துண்டு மாதிரி ஆடி ஆடி உள்ளே போய்விட்டன.

அன்று மத்தியானமே கொடி ஏறியது. மதினி எனக்கு மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். சோறு பழைய சட்டியில் வடித்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு மடக்கிய சுண்டுவிரல் நிமிரவில்லை. அது பெரிய காரியமில்லை. நடப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. அண்ணனுடைய தடங்களுக்குக் கடலைப் பார்த்து நடக்க மட்டும்தான் தெரியும். கடைக்குப் போனாலும் கடல் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆகவே கடலைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் நான் பின்பக்கமாக நடந்து போனேன். போதாக்குறைக்கு என் சொந்தச் சோடி கடலுக்குள் எங்கேயோ கிடந்துகொண்டு அதுவும் இழுத்தது. வலைக்கொட்டகையில் படுத்தால் கால் இரண்டும் தூணைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தேன். ஊரில் யாரும் இதைப் பெரிசுபடுத்தவில்லை. "பாத்துப் போலே, பின்னால கொடிக்கம்பம் இருக்கு" என்பார் கஸ்பார். விடுதிக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவைத் தட்டிவிட்டு முதுகைக் காட்டி நிற்பது மரியாதையாக இல்லை என்று ஒரே ஒரு அம்மாள் மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் தகடும் பெட்டியுமாக மதினி வீட்டைத் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு உதவி. தண்ணிலேருந்து நம்ம வாசப்படி வரைக்கும் ஒரு தடவ நடந்து காட்டு."

தகட்டையும் பெட்டியையும் வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர் விளிம்புக்குப் போனேன். அங்கிருந்து பின்னால் எட்டு வைத்து வந்தேன். மதினி என் கூடவே பக்கத்தில் நடந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் குனிந்து பார்த்தாள். ஈர மணலில் நாலு விரல், ஐந்து விரல், நாலு விரல் என்று விழுந்துகொண்டே வந்தது. பதின்மூன்றாவது எட்டில் என் குதிகால் வாசற்படியில் முட்டியது. மதினி திரும்பி நின்று, தண்ணீரிலிருந்து தன் வீடுவரைக்கும் ஈரம் காயாமல் கிடந்த அந்த வரிசையைப் பார்த்தாள்.

"வந்துட்டாரு" என்றாள்.

கூரையில் செருகியிருந்த துடைப்பத்தை உருவினாள். நாலு வருஷத்துக் காற்றில் அது பாதியாகியிருந்தது. அதை வைத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஜன்னலைத் தொட்ட மணல் எல்லாம் மளமளவென்று வாசலுக்கு வந்தது. மணலோடு சேர்ந்து அண்ணனுடைய சீப்பு வந்தது, ஒரு பீடிக்கட்டு வந்தது, தூண்டில் முள் வந்தது, நண்டு ஓடுகள் வந்தன. அடுப்படியில் சிமெண்டுத் தரை தெரிந்தது. அவள் வேர்த்து விறுவிறுத்து, வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கூட்டினாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, பயமாகவும் இருந்தது. நான் கடலைப் பார்த்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசி மணலையும் என் காலைத் தாண்டி, தடங்களில் படாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, மதினி வாசற்படியில் நிமிர்ந்து நின்றாள். அங்கிருந்து அந்த வரிசையைப் பார்த்தாள். வாசலிலிருந்து பார்த்தால் பதின்மூன்று தடத்திலும் விரல்கள் கடலைப் பார்த்திருந்தன. யார் பார்த்தாலும், ஒரு ஆள் இப்போதுதான் இந்த வீட்டிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போயிருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். மாதாவே என்று துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"தம்பி, நான் கூட்டிட்டேனே!"

"ஆமா மதினி."

"போனவொடனே கூட்டிட்டேனே, பாவி!"

"யாரு போனா? நான் இங்கதான நிக்கேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் வலது கால் எட்டு வைத்துவிட்டது.

அவசரம் ஒன்றும் இல்லை. பதின்மூன்று தடத்திலும் பிசகாமல் கால் வைத்து நடந்தேன்; இந்தத் தடவை ஒன்றும் காலில் ஒட்டவில்லை. முதல் அலை கணுக்காலில் பட்டது. இரண்டாவது முழங்காலில் பட்டது. மதினி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வர எனக்கு ஆசை இருந்தது. காலுக்குத் தெரியவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் அண்ணன் எதிரே வந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான், தாடி நனைந்து ஒட்டியிருந்தது. என் தடங்களைப் போட்டிருந்தான். கதவு தட்டப் போகிற ஆளின் நடை அது, எனக்குத் தெரியாதா? என் தோளை உரசுகிற தூரத்தில் கடந்தான்.

"ஏலே, தகடு எங்க?" என்றான்.

"வாசல்ல வச்சிருக்கேன்."

"பெட்டி?"

"அதுவும் அங்கதான்."

"சரி, மணியாச்சு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

எனக்குக் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது. அண்ணன் கரையேறி வீட்டு வாசலுக்குப் போய், திறந்துகிடந்த கதவைத் தட்டினான். மதினி முதலில் அவன் காலைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அவன் தோளில் தலையை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அண்ணன் தகட்டை எடுத்துக்கொண்டு, வாசற்படிக்குக் கீழே இருந்த முதல் தடத்துக்குக் குனிந்தான். மதினி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, அவன் கைவேலை என்னுடையதைவிடச் சுத்தம். ஒரு விரல்கூட உதிரவில்லை.

தண்ணீர் விளிம்பில் கிடந்த கடைசித் தடத்துக்கு வந்தபோது மதினி பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பழைய சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது ஒண்ணு மட்டும் கெடக்கட்டுமே" என்றாள். அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"பதினேழாவது விதி இருக்குல்லா" என்றான் அண்ணன். அந்த விதியை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தகட்டைக் குதிகால் பக்கமாக நுழைத்து, மூச்சை அடக்கித் தூக்கினான். பெட்டியில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடினான். முப்பது நாள் வைத்திருப்பார்கள். தண்ணீர் என் கழுத்துக்கு வந்திருந்தது. கோயிலில் ஆறு மணி அடித்தார்கள். கரை சுத்தமாக இருந்தது.